நாக்குக்கடியில் பத்து நிமிடம்

நிக்டி, புனே
12 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள பிரணவ் அண்ணாவுக்கு,

இதனால் சகல ஜனங்களுக்கும், குறிப்பாகக் கடக்வாஸ்லா அணைக்கு அப்பால் அடைபட்டிருக்கும் ஒரே ஒரு ஜனத்துக்கும் அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டு மிக்ஸியின் சின்ன ஜார், போன செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, தேங்காய்ச் சட்னிப் பணியில் இருக்கும்போதே இயற்கை எய்தியது. வயது பதினேழு. என்னைவிட ஒன்று மூப்பு. இப்போது மோட்டார் மட்டும் கத்துகிறது, தேங்காய் அப்படியே கிடக்கிறது. அப்பா என்னைப் படிக்கச் சொல்வதுபோல.

அடக்கம் நடக்கவில்லை. ரிப்பேர் செய்தே தீருவேன் என்று அம்மா அதைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறாள். மிக்ஸிக்காரன் கடை என்றைக்குப் போனாலும் பூட்டியிருக்கிறது.

அங்கே போன் கிடையாது, வாரம் ஒரு கடிதம்தான், அதையும் பிரித்துப் படிப்பார்கள் என்று அப்பா சொன்னார். ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ் எல்லாம் படிப்பார்களாம். அம்மா அழுத அழுகையில் அப்பா சேர்க்கைப் படிவத்தில், ‘என் மனைவிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இருபத்தைந்து வருஷமாக மராத்திப் பேப்பர் படிக்கிற அம்மாவைப் பற்றி! ஆனால் நமக்கு வசதி. அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீ தூங்கினாய், நான் பரிசு வாங்கினேன். இப்போது அது உதவப் போகிறது. தமிழில் எழுது. அது நம் இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் இல்லாத அறை. அந்தத் தடியர்கள் எவனும் உள்ளே வர முடியாது.

நாலாம் தேதி சனிக்கிழமை உன்னை இழுத்துப் போனார்களே, அதில் தாடி வைத்த ஒருத்தன் கையை நான் கடித்தேன். நீ கவனித்திருக்க மாட்டாய், அப்போது உன் முகம் படிக்கட்டில் இருந்தது. எலும்பு தட்டுகிற வரைக்கும் கடித்தேன். அவன் ரத்தம் உப்பு, கொஞ்சம் புகையிலை. நாலு பேரில் ஒருத்தனாவது என்னை மறக்க மாட்டான்.

உன் முன்பல் மூன்றாம் மாடித் திருப்பத்தில் கிடந்தது. எடுத்து உன் பழைய காம்பஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். சுவரில் உன் ஐந்து விரலும் ரத்தமாய்ப் பதிந்திருந்தன. அம்மா மூன்று தடவை துடைத்தும் சுண்டு விரல் மட்டும் போகவில்லை. சொசைட்டி வாட்ச்மேன் என்ன செய்தான் தெரியுமா? அவர்களுக்காக அந்த மாடியில் லிஃப்டைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றான். அவன் செருப்பில் ஃபெவிக்விக் ஊற்றியாயிற்று.

நம் வம்சத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை, உனக்கு மட்டும் பிரவுன் சர்க்கரை, அதுவும் போதைப் பொட்டலத்தில். சிரி அண்ணா. இல்லையென்றால் நான் அழுதுவிடுவேன்.

உன்
முகுந்த்

*

18 ஜனவரி

முகுந்த்,

ஒரு தாள்தான் கொடுத்தார்கள். என் தமிழ் இவ்வளவுதான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு கூடம், ஒரு கதவு, முப்பத்தொரு பேர். நடத்துகிறவனை எல்லோரும் பாவ் என்று கூப்பிட வேண்டும், மராத்தியில் அண்ணன். ஒரு காலத்தில் அவனும் குடிகாரன். இங்கே மருந்து கிடையாது. மணல் அடைத்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் தவாயி, மருந்து என்று பெயர். காலையில் பத்து, மாலையில் பத்து, உள்ளங்காலில். ‘தவாயி ஆச்சா?’ என்று கேட்டால் ‘ஆச்சு பாவ்’ என்று சொல்ல வேண்டும்.

முதல் ஐந்து நாள் எனக்கு எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. வாந்தி, பேதி. கத்தினேன். கத்தியதற்காகத் தண்ணீர்ப் பீப்பாயில் தலையை முக்கினார்கள். மற்றவர்கள் சத்தமாக எண்ண வேண்டும். முப்பது எண்ணினால் எடுப்பார்கள். மெதுவாக எண்ணினால் எண்ணுகிறவனுக்கு நல்லது.

வெளியாள் அடிப்பதில்லை. எங்களையே அடிக்க விடுகிறார்கள். பலமாக அடிக்காதவனுக்கு இரண்டு மடங்கு. நேற்று ராம்பிரசாத் என்ற ஒரு டெம்போ டிரைவரின் காலை நான் பிடித்துக்கொண்டேன். நாளைக்குக் குழாய் என் கைக்கு வருமாம்.

தாடிக்காரன் கையைப் பார்த்தேன். கடித்த தடம் எதுவும் இல்லை. போகட்டும்.

அப்பாவிடம் நான் செத்துவிடுவேன் என்று சொல். அம்மாவிடம் சொல்லாதே.

பிரணவ்

*

22 ஜனவரி

அண்ணா,

தடம் அழிந்திருக்கும். அவன் தோல் அப்படி. அதை விடு.

முதலில் அந்த ‘பாவ்’. எனக்குத் தெரிந்த பாவ் எல்லாம் ரொட்டிதான், வடைக்கு மேலும் கீழும் இருக்கும், யாரையும் அடிக்காது. வாசலில் நஷா முக்தி கேந்திரம், அதாவது போதை விடுதலை மையம், என்று போர்டு இருக்கிறதாமே? உன் கடிதத்துக்கு அப்புறம் போர்டை மாற்றிவிட்டேன். முக்தி இல்லை, முக்கி. நசுக்கி முக்கி கேந்திரம்.

சரி, இனிமேல் விளையாட்டு இல்லை.

இஸ்மாயில் அண்ணா வீட்டுக்கு வந்தார். உன்னோடு படித்தவர் என்பதால் அப்பா வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரையில் நீ மாட்டிக்கொண்டதையும், அது கிடைக்காமல் பவுடருக்குப் போனதையும் அவரிடம் சொல்லியிருந்தாயாமே. ஹடப்சரில் அவர் வீட்டுப் பக்கம் ஓர் அரசாங்கக் கிளினிக் இருக்கிறதாம். அங்கே அடி கிடையாது, பூட்டு கிடையாது. தினம் காலையில் போனால் மாத்திரையை நாக்குக்கடியில் வைப்பார்கள். கரைந்ததும் வேலைக்குப் போகலாம்.

நான் நம்பவில்லை. ஆகவே நானே நோயாளியாகப் போய் வரிசையில் நின்றேன். கண்ணுக்குக் கீழே அம்மாவின் மையைத் தடவி, கையை நடுக்கி, பிரமாதமான நடிப்பு. டாக்டர் விசாலாக்ஷி என்று ஒருத்தர், இந்த ஊரிலேயே பிறந்த தமிழ். என் கன்னத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“மை எந்தக் கடையில வாங்கினே? நன்னா இழுபடறது. யாருக்காக வந்திருக்கே, சொல்லு.”

சொன்னேன். குழாய், பீப்பாய், எண்ணிக்கை எல்லாம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“அடிச்சா இது போகும்னா, போலீஸ் ஸ்டேஷனெல்லாம் என்னிக்கோ ஆஸ்பத்திரி ஆயிருக்கும். உங்கண்ணா உடம்பு அந்தச் சாமானுக்குப் பழகிடுத்து. நிறுத்தினா உடம்பு கலவரம் பண்றது. இந்த மாத்திரை அந்தக் கலவரத்தை அடக்கும், போதை ஏத்தாது. அப்புறம்தான் மனசோட பேசவே முடியும். எத்தனை மாசமோ, வருஷமோ, அவசரமில்லை.”

“இதுக்கும் அடிமையாயிட்டா?”

“கால் ஒடிஞ்சவனைப் பார்த்து, ஊன்றுகோலுக்கு அடிமையாயிட்டியான்னு கேப்பியா?”

இதை அப்படியே ராத்திரி சாப்பாட்டில் அப்பாவிடம் ஒப்பித்தேன். அப்பா அந்தக் கேந்திரத்தின் நோட்டீஸை எடுத்து நீட்டினார். ‘மருந்தில்லா மாற்று வழி. யோகா, ஒழுங்கு, சாத்வீக உணவு.’

“ஒரு விஷத்துக்கு இன்னொரு விஷமா? மூணு மாசம். அப்புறம் பழைய பிரணவ் வருவான்.”

உனக்குத்தான் தெரியுமே, அவருக்குச் சாகண் தொழிற்சாலையில் கார் பாகங்களைத் தட்டிப் பார்த்து ‘ரிஜெக்ட்’, ‘ரீவொர்க்’ என்று சீட்டு ஒட்டுகிற உத்தியோகம். உனக்கு ஒட்டியது ரீவொர்க் சீட்டு. ரிஜெக்ட் இல்லை என்பதையே பெரிய கருணை என்று நினைக்கிறார். அதை அவரிடமே சொன்னேன். அறை விழுந்தது. ரசம் கிண்ணத்தோடு சுவரில் போய் உட்கார்ந்தது. இடது காதில் இன்னும் கொசு பாடுகிறது.

ஆனால் தெரிந்துகொள், நான் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

முகுந்த்

*

27 ஜனவரி

முகுந்த்,

இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வை. இதை நான் அழாமல் எழுத வேண்டும்.

ராம்பிரசாத் இறந்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும்.

அவன் குடி ஆள். வந்த மூன்றாம் நாளே கை நடுங்கி, சுவரில் பாம்பு போகிறது என்றான். மழை பெய்கிறது, ரெயின்கோட்டைப் போடு என்றான். நடிக்கிறான் என்று பாவ் சொன்னான். கட்டிலில் கட்டினார்கள். வலிப்பு வந்தது, கட்டில் தரையில் நகர்ந்தது. எங்கள் முப்பது பேரையும் சுற்றி உட்கார வைத்து ‘தவாயி, தவாயி’ என்று சொல்லச் சொன்னான் பாவ். குழாயை என் கையில் கொடுத்தான்.

அடித்தேன். ஆறு தடவை. மெதுவாகத்தான் அடித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஏழாவதுக்குக் குழாயைக் கீழே போட்டேன். வேறு ஒருவன் எடுத்தான். வலிப்பு நின்றது. நாங்கள் எல்லோரும் அவன் சரியாகிவிட்டான் என்று நினைத்தோம். வாயோரம் நுரை சிவப்பாக இருந்தது. நாக்கைக் கடித்துத் துண்டாக்கியிருந்தான்.

டாக்டர் வரவில்லை. வேனில் கொண்டுபோனார்கள். மாரடைப்பு என்று அவன் மனைவியிடம் சொன்னார்களாம்.

எனக்கு இருபத்து மூன்று வயதாகிறது. என் கை ஒரு மனிதனின் காலில் ஆறு தடவை விழுந்திருக்கிறது.

தபால் பார்க்கிறவன் உன் கடிதத்தைப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஜிலேபி ஜிலேபி என்று சிரித்துவிட்டுக் கொடுத்தான். இதையும் அப்படித்தான் ஒட்டி அனுப்புவான். உன் சுவரில்லாத அறை இப்போதைக்குப் பத்திரமாக இருக்கிறது.

பிரணவ்

*

30 ஜனவரி

அண்ணா,

படித்தேன். அம்மாவும் படித்தாள். தடுக்க முடியவில்லை, தபால்காரரிடமிருந்து அவள்தான் வாங்கினாள். படித்துவிட்டுக் கூடத்து நடுவில் நின்று, வெண்டைக்காய் நறுக்குகிற கத்தியை மாவு டப்பாவில் குத்திக்கொண்டே இருந்தாள். டப்பா ஓட்டையாகிவிட்டது.

கவனமாகக் கேள். திட்டம் தயார். வகுத்தவர்: அடியேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு. அது உங்களுக்குப் பார்வை நாள். பதினொரு மணிக்கு நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழு. நானும் அம்மாவும் வாசலில் இருப்போம். இஸ்மாயில் அண்ணா பின்பக்கம், மாட்டுக் கொட்டகைப் பக்கம், வெள்ளைக் காரில் இருப்பார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம் என்று உன்னை ஏற்றிக்கொண்டு நேராக டாக்டர் விசாலாக்ஷி. மறுநாள் உன் ராம்பிரசாத் கடிதம் போலீஸுக்கு. அம்மா அதை மராத்தியில் எழுதித் தந்துவிட்டாள்.

பாவ் தடுத்தால் நான் இருக்கிறேன். கராத்தேயில் பச்சை பெல்ட் என்பதை மறக்காதே. அந்த வடைக்காரனைப் பாவுக்கு நடுவில் வைத்துப் பிசைந்துவிடுவேன்.

பயப்படாதே. தமிழ் இருக்கிறது, நான் இருக்கிறேன்.

முகுந்த்

*

3 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

நான் இங்கு மிகவும் நலம். பாவ் அவர்கள் எங்களைத் தம் பிள்ளைகளைப்போல் கவனித்து வருகிறார். காலையில் யோகாசனம், பிறகு பிரார்த்தனை, சத்தான உணவு. முன்பு எழுதிய கடிதங்களில் நான் போதைத் தெளிவில்லாமல் இல்லாததையெல்லாம் எழுதிவிட்டேன். அவற்றைக் கிழித்துவிடவும். நேற்று பார்வை நாளில் உங்களைச் சந்திக்க முடியாமற்போனதற்கு வருந்துகிறேன். அடுத்த இரண்டு மாதங்களுக்கு யாரும் வர வேண்டாம்.

கையில் சிறு காயம் ஏற்பட்டிருப்பதால், இங்குள்ள நண்பர் கோகுல்நாத் நான் சொல்லச் சொல்ல இக்கடிதத்தை எழுதித் தருகிறார்.

இப்படிக்கு,
பிரணவ்

இடது கை. வலது கையில் விரல் மூணு உடைஞ்சது. இவனுக்குத் தமிழ் தெரியும்

*

நிக்டி
2 மார்ச் 2025

ஹடப்சரில், இஸ்மாயில் அண்ணா வீட்டில், போன் வேண்டாம் என்ற விரதத்தில் இருக்கும் அண்ணாவுக்கு,

பவுடர்க்காரர்கள் எல்லோரும் உன் போனில்தான் குடியிருக்கிறார்கள், அதனால் அது வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னாயாமே. நல்லது. இங்கே அப்பா முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாய். அதுவும் உன் இஷ்டம். ஆகவே கடிதமே தொடர்கிறது.

நீ வெளியே வந்து இருபத்திரண்டு நாளாயிற்று. மூன்று விரலுக்கும் கம்பி வைத்திருப்பதாக இஸ்மாயில் அண்ணா சொன்னார். பிப்ரவரி எட்டாம் தேதி சனிக்கிழமை கேட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ உள்ளே, பீப்பாய் அறையில், பூட்டிக் கிடந்தாய். ஆகவே வரலாற்றை வீரன் வாயாலேயே கேள்.

உன் கடைசிக் கடிதம் வந்ததும் அப்பா அதை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தார், கார் பாகத்தைப் பிடிப்பதுபோல. மேலே இருந்த அழகான கையெழுத்தைப் பார்க்கவில்லை. கடைசி வரியையே பார்த்தார். எறும்பு மையில் விழுந்து நடந்ததுபோல இருந்ததே, அதை. பிறகு விடுவிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் விட மாட்டார்களாம். “நீங்க போங்கோ” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு பால்கனியிலேயே நின்றார். நாங்கள் திரும்பி வரும்போதும் செருப்போடு அங்கேயேதான் நின்றார்.

கேட்டில் பாவ் வந்தான். படிவத்தை வாங்கிப் படித்தான், நாலாகக் கிழித்தான். அம்மா மராத்தியில், “என் பிள்ளையைக் கொண்டு வா” என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அப்போதுதான் நான் பாய்ந்தேன்.

அம்மா தோளிலிருந்து துணிப்பையை உருவினேன். உள்ளே யார்? காலஞ்சென்ற சின்ன ஜார்! அன்றைக்கும் மிக்ஸிக்காரன் கடை பூட்டியிருந்திருக்கிறது. பையை ஒரு சுற்று சுற்றி அவன் முகத்தில் இறக்கினேன். எஃகு மூக்கில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, தேங்காய் உடைத்த மாதிரி. இரண்டாவது வாயில். உன் பல்லுக்கு ஒன்று, ராம்பிரசாத் நாக்குக்கு ஒன்று. மூன்றாவதுக்கு அவன் மண்டி போட்டுவிட்டான், சட்டையெல்லாம் சிவப்பு, கேட் கம்பியெல்லாம் சிவப்பு. அவன் ஆட்கள் குழாயோடு ஓடி வந்தார்கள். டாக்டர் விசாலாக்ஷி முன்னாலேயே சொல்லி வைத்திருந்த போலீஸ் ஜீப் அப்போதுதான் திரும்பியது. உன் கடிதமும் அம்மாவின் மராத்தியும் இப்போது அவர்களிடம். கேந்திரத்துக்கு சீல்.

பதினேழு வருஷம் சட்னி அரைத்த ஜாருக்கு வீர மரணம். நன்றி என்னைச் சேரும்.

உன் மெய்க்காப்பாளன்
முகுந்த்

*

ஹடப்சர்
20 மார்ச்

முகுந்த்,

இடது கையில் எழுதுகிறேன். மெதுவாகப் படி.

தினம் காலை ஒன்பது மணிக்கு வரிசை. நர்ஸ் மாத்திரையை நாக்குக்கடியில் வைக்கிறார். கரையப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை விழுங்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, பேசக் கூடாது. பெஞ்சில் இருபது பேர் வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். இப்படி அமைதியாக யாரும் என்னைக் குணப்படுத்த முயன்றதில்லை. எறும்பு ஊர்வது நின்றுவிட்டது. ஒரு நாள் நழுவிப் பவுடர் எடுத்தேன், போன வாரம். மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அடிப்பார் என்று உடம்பு தானாகச் சுருங்கியது. அவர், “சரி, இன்னிக்கு வந்துட்டியே” என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து அழுதேன்.

நேற்று வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? தாடிக்காரன். அவன்தான் கோகுல்நாத்.

கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பமாம். அங்கே வாயைத் திறந்தால் மராத்திதான் பேசினான், நமக்குத் தெரியவில்லை. தபால் பார்க்கிற வேலை உன் கடைசிக் கடிதம் வந்த வாரம்தான் அவனுக்கு வந்தது. உன் திட்டத்தைப் பாவுக்கு வரி வரியாக வாசித்துச் சொன்னான். பச்சை பெல்ட் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கதவிடுக்கில் என் கையை வைத்து அவன்தான் கதவைச் சாத்தினான். நான் இடது கையால் அந்த ஒரு வரியைக் கிறுக்கியதையும் பார்த்தான். பார்த்துவிட்டு உறையை ஒட்டினான். ஏன் என்று எனக்குத் தெரியாது.

போலீஸில் எல்லாவற்றையும் சொல்லி, ஜாமீனில் வந்திருக்கிறான். வந்ததும் பழைய பவுடர். இப்போது இங்கே. ஊரில் இந்த மாத்திரை கிடைக்கும் இடம் எத்தனை இருக்கிறது?

பக்கத்தில் உட்கார்ந்ததும் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதத் தோன்றியது. எங்கே மோத வேண்டும் என்றுகூடப் பார்த்து வைத்தேன். ஆனால் என் நாக்குக்கடியில் மாத்திரை. அவன் நாக்குக்கடியிலும். பத்து நிமிடம் இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்தோம். கரைந்தபோது என் கை மடியில்தான் இருந்தது.

பிறகு அவன் ஒன்று சொன்னான், தமிழில். அன்றைக்கு நம் வீட்டு மாடிப்படியில் நின்றபோது நீயும் அப்பாவும் பேசியது அவனுக்குப் புரிந்ததாம். என்ன பேசினீர்கள் என்று நான் எழுத மாட்டேன்.

இன்னொன்று. அம்மா ஞாயிறன்று வந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ‘ஜாரைத் தூக்கி அடிச்சப்போ பிசகிடுத்து’ என்றாள். நான் உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை.

நீயாகச் சொன்னால் கேட்பேன்.

பிரணவ்

*

23 மார்ச் 2025, ஞாயிறு

அண்ணா,

இதை இஸ்மாயில் அண்ணாவிடம் கொடுத்திருக்கிறேன். மாத்திரை உன் நாக்குக்கடியில் போன பிறகுதான் உன் கையில் தர வேண்டும் என்பது நிபந்தனை. உன்னால் பேச முடியாது. திட்ட முடியாது. எனக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. இவ்வளவு புத்திசாலித்தனமாக நான் இதுவரை எதையும் செய்ததில்லை. இவ்வளவு கோழைத்தனமாகவும்.

இதனால் ஒரே ஒருவருக்கு மட்டும் அறிவிப்பது:

ஜாரைச் சுழற்றியது அம்மா. மூன்று தடவையும் அம்மாதான். நான் இஸ்மாயில் அண்ணா காரின் பின் சீட்டுக்குக் கீழே, நாலு கதவையும் பூட்டிக்கொண்டு, குனிந்து கிடந்தேன். தேங்காய் உடைத்த மாதிரி சத்தம் கேட்டது உண்மை. அதைக் கேட்டதும் வாந்தி எடுத்தேன். அவர் இன்னும் சீட் கவரைத் துவைத்துக்கொண்டிருக்கிறார், கேட்டுப் பார். பச்சை பெல்ட் இருக்கிறது. பேண்ட் நழுவாமல் இருக்க அம்மா வாங்கிக் கொடுத்தது.

அப்பா அறைந்தபோது கண்ணை இமைக்கவில்லை என்றேனே, மூடியே வைத்திருந்தால் எப்படி இமைப்பது?

உன் மூன்று விரல் என்னால். எழுதுகிறபோது நான் எழுதுகிற தமிழ் எனக்கே பிடித்துப்போய்விட்டது, நம்மைத் தவிர உலகத்தில் யாருக்கும் அது தெரியாது என்று நினைத்துவிட்டேன். அந்தக் கதவை அவன் சாத்தினான், இடுக்கில் உன் கையைக் கொண்டுபோய் வைத்தது என் கடிதம்.

இதெல்லாம் சின்னது. பெரியது இனிமேல்தான். மாத்திரை இன்னும் இருக்கிறதா?

அந்த சனிக்கிழமை நீ இரண்டு நாளாக உன் அறைக் கதவைத் திறக்கவில்லை. அப்பா மாடிப்படியில் அந்த நாலு பேரையும் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். “நான் கூப்பிட்டா திறக்க மாட்டான். நீ கூப்பிட்டா திறப்பான். ஏதாவது சொல்லேண்டா, கதை விடறதுல நீ மன்னனாச்சே” என்றார். அப்பா என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது அண்ணா. கோடாலி எங்கே விழும் என்று யோசிக்காமல், எந்தப் பொய் நன்றாக இருக்கும் என்று யோசித்தேன். பிரியாணி வந்திருக்கிறது என்று சொல்லலாமா என்று பார்த்தேன். நீ நம்ப மாட்டாய் என்று விட்டுவிட்டேன்.

“அண்ணா, விழுந்துட்டேன், முழங்கால்ல ரத்தம் நிக்கல” என்றேன். அழுகிற குரலில். நன்றாகவே வந்தது.

நீ உடனே திறந்தாய். உன் கையில் டெட்டால் பாட்டிலும் பஞ்சும் இருந்தன.

அதற்குள் அவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். நான் யாரையும் கடிக்கவில்லை. பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டு, உன் சத்தம் கேட்காமலிருக்க இரண்டு குழாயையும் திறந்துவிட்டேன். அப்படியும் கேட்டது. என் சத்தம் வெளியே வராமலிருக்கக் கடித்தேன். என் கையையே. தடம் இருக்கிறதா என்று தாடிக்காரன் கையில் தேடினாயே, அது என் இடது கையில், கட்டை விரலுக்குக் கீழே இருக்கிறது. எலும்பு வரை எல்லாம் இல்லை. உப்பு மட்டும் உண்மை.

வெளியே வந்தபோது தரையெல்லாம் டெட்டால் வாசனை. பஞ்சு ஈரத்தில் ஊறிக் கிடந்தது. எடுத்துக் குப்பையில் போட்டேன். பிறகுதான் உன் பல்லைத் தேடப் போனேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். கரைந்திருந்தால் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாக வாசலைப் பார். டீ வண்டிக்குப் பின்னால், காம்பஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஓடவில்லை. அடிப்பதாக இருந்தால் இடது கையால் அடி, வலது கை இன்னும் ஆறவில்லை.

முகுந்த்